வெள்ளைப் புள்ளியைத் தேடிய கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் கலாட்டா, மெஸ் சாம்பார் எல்லாம் வேண்டாம்ப்பா. போன மலர்ல பத்து பேர் அதைத்தான் எழுதியிருந்தாங்க. உன் சப்ஜெக்ட்ல வரலாறு மாதிரி ஏதாவது எழுதிக் கொடு" என்றார்கள். வரலாறு எனக்கு எட்டாம் வகுப்பில் பானிப்பட்டு யுத்தத்தோடு முடிந்துபோன விஷயம். இருந்தாலும் சரி என்றேன். அதற்குக் காரணம் வட்டக்கானலில் ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி.

எங்கள் செட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வட்டக்கானல் போயிருந்தோம். கொடைக்கானல் ஊரைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர். பாம்பார் அருவி, டால்பின் நோஸ் பாறை போகும் வழி. இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் கூட்டமாக வந்து தங்குவதால் 'லிட்டில் இஸ்ரேல்' என்றே பெயர் எடுத்துவிட்ட சின்ன ஊர். நாங்கள் தங்கிய வீட்டில் சமையல் செய்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். நாங்கள் இஞ்சினியர்கள் என்பதும், நான் காலேஜில் மார்பக எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற ப்ராஜெக்ட் செய்தவன் என்பதும் சாப்பாட்டுப் பேச்சில் அவர் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் காலை, காபியோடு ஒரு பெரிய காக்கிக் கவரும் வந்தது. மதுரையில் எடுத்த மம்மோகிராம்.

"ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கு தம்பி. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரணும்னு சொன்னாங்க. மூணு பஸ் மாறிப் போகணும், ரெண்டு நாள் வேலை போயிடும். நீங்க உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துச் சொல்லிட முடியாதா?"

முடியாது என்றேன். ஏன் முடியாது என்று அவருக்குப் புரியும்படி அந்த இடத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

படம் பிறந்த கதை

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-ல். மார்பகத்தை அந்தக் கதிரில் முதலில் முறையாக ஆராய்ந்தவர் பெர்லின் நகரத்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஆல்பர்ட் சாலமோன். ஆபரேஷனில் அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களைப் படமெடுத்து, 1913-ல் முடிவுகளை வெளியிட்டார். சில படங்களில் நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. அவை எவ்வளவு முக்கியமானவை என்பது அன்று அவருக்கே தெரியாது. யூதர் என்பதால் பின்னாளில் நாஜிகள் ஆட்சியில் நாட்டைவிட்டே போக வேண்டி வந்தது. அவர் மகள், ஓவியர் சார்லட் சாலமோன், 1943-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

அந்தப் புள்ளிகளின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னவர் உருகுவே நாட்டு டாக்டர் ரவுல் லெபோர்ன். காலம் 1950-ஐ ஒட்டி. அவை சுண்ணாம்புத் துகள்கள். வீட்டுக் குழாயில் உப்புப் படிகிற மாதிரி திசுவில் கால்சியம் படிகிறது. பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவில் பொடிப்பொடியாக, ஒழுங்கற்ற வடிவில், ஒரே இடத்தில் கும்பலாகச் சேர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். கைக்கு எந்தக் கட்டியும் தட்டுப்படாத நிலையிலேயே புற்றுநோய் விட்டுச் செல்லும் தடயமாக அது இருக்கலாம்.

1960-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராபர்ட் ஈகன் குறைந்த வோல்டேஜ், அதிக மின்னோட்டம், நுணுக்கமான ஃபிலிம் என்று ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். யார் எடுத்தாலும் ஓரளவு ஒரே மாதிரி படம் வரும் என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது. சில ஆண்டுகளில் பிரான்ஸில் சார்லஸ் குரோவின் முயற்சியால் இதற்கென்றே மாலிப்டினம் குழாய் வைத்த தனி எந்திரம் வந்தது. 1963-ல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்கு மம்மோகிராமும் டாக்டர் பரிசோதனையும் உண்டு, மற்றதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பரிசோதனை செய்த பிரிவில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று முதல் முடிவுகள் காட்டின.

இதனால் புதுத் தலைவலி ஒன்றும் பிறந்தது. நோயில்லாத பெண்களையும் லட்சக்கணக்கில் படமெடுத்தால், அத்தனை படங்களையும் யார் உட்கார்ந்து பார்ப்பது? ஆயிரம் படத்தில் ஐந்தாறில்தான் புற்றுநோய் இருக்கும். மீதி அத்தனையும் நார்மல். நானூறு நார்மல் படம் பார்த்த கண், நானூற்று ஒன்றாவதில் இருக்கும் பொடிப் புள்ளியைத் தவறவிடுவது மனித இயல்பு. எட்டு மணி வகுப்பில் நாம் போர்டைப் பார்த்துக்கொண்டே எதையும் பார்க்காமல் இருந்தோமே, அதே கதைதான்.

கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது

1967-ல் ஃப்ரெட் வின்ஸ்பெர்க் குழுவினர், மம்மோகிராமை ஒளியால் ஸ்கேன் செய்து எண்களாக மாற்றி, கம்ப்யூட்டரை விட்டே கோளாறைத் தேடச் செய்த ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு மார்பகத்தின் அடர்த்தியை மறுபக்கத்தோடு ஒப்பிடுவது அவர்கள் யோசனை. யோசனை நல்லதுதான். அன்றைய கம்ப்யூட்டருக்குத்தான் அந்த வேலையைத் தாங்கும் சக்தி இல்லை. ஏறக்குறைய பதினைந்து, இருபது ஆண்டுகள் விஷயம் தூங்கியது.

1980-களில் அதை எழுப்பியது சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் தலைமையிலான குழு. அதற்கு முன் பலரும் டாக்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் என்று கனவு கண்டு கையைச் சுட்டுக்கொண்டார்கள். டோய் குழு அதை விட்டுவிட்டது. டாக்டர் முதலில் பார்க்கட்டும், பிறகு கம்ப்யூட்டர் "சார், இந்த இடத்தையும் ஒருமுறை பார்த்துடுங்க" என்று குறி போட்டுக் காட்டட்டும், முடிவு டாக்டர் கையில் என்று அமைத்தார்கள்.

அவர்களில் ஹெங்-பிங் சான் என்ற பெண் ஆராய்ச்சியாளர் சுண்ணாம்புப் புள்ளிகளைத் தேடும் முறையை 1987-ல் வெளியிட்டார். 1990-ல் 15 ரேடியாலஜிஸ்டுகளிடம் 60 மம்மோகிராம்களைக் கொடுத்துச் சோதித்தார். கம்ப்யூட்டர் ஒன்றும் பெரிய மேதை இல்லை. படத்துக்குச் சராசரியாக நாலு இடத்தில் சும்மாவாவது குறி போட்டது. அப்படியிருந்தும் அதன் துணையோடு பார்த்தபோது டாக்டர்களின் கண்டுபிடிப்பு கூடியது. இந்தத் துறைக்கு நம்பிக்கை கொடுத்த முடிவு இது.

கொடைக்கானல் மலையில் ஒரு உதாரணம்

புள்ளியைக் கம்ப்யூட்டர் எப்படித் தேடுகிறது? இதற்கு விளக்கம் அந்த மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானல் வானாய்வுக் கூடம் 1899-ல் தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்து, 'எவர்ஷெட் விளைவு' என்று உலகப் பாடப்புத்தகங்களில் இடம் பிடித்த இடம். அங்கே 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். நூறாண்டுப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் சேர்ந்தன. பிற்காலத்தில் அவற்றை ஸ்கேன் செய்து, புள்ளிகளையும் ஒளித் திட்டுகளையும் கம்ப்யூட்டரை வைத்தே கணக்கெடுத்தார்கள்.

அதில் உள்ள சிக்கல் ஒன்று. சூரியன் நடுவில் பிரகாசம், ஓரத்தில் மங்கல். 'இத்தனைக்கு மேல் வெளிச்சம் இருந்தால் திட்டு' என்று ஒரே அளவை எல்லா இடத்துக்கும் வைத்தால் நடுப்பகுதி முழுக்கத் திட்டாகிவிடும். அதனால் முதலில் பின்னணியின் மெதுவான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதில் சுற்றுப்புறத்தை விட எடுப்பாக நிற்பதைப் பிடிக்க வேண்டும். மம்மோகிராமிலும் இதேதான். கொழுப்பு ஒரு பக்கம் கறுப்பு, சுரப்பி ஒரு பக்கம் வெள்ளை. பின்னணியைக் கழி, எடுப்பான பொட்டுகளைப் பிடி, அருகருகே கும்பலாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள், ஒற்றையாக நிற்பதைத் தள்ளு. சான் செய்ததன் சாரம் இவ்வளவுதான்.

வானியலுக்கும் இதற்கும் உறவு கற்பனையானதல்ல. 1990-ல் விண்ணில் ஏற்றிய ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடியில் குறை இருந்து படங்கள் மங்கலாக வந்தபோது, அவற்றைத் தெளிவாக்க எழுதிய கணக்கு முறைகளை மம்மோகிராம் புள்ளிகளைத் தேடவும் அமெரிக்காவில் பயன்படுத்திப் பார்த்தார்கள். நட்சத்திரமும் சுண்ணாம்புத் துகளும் கம்ப்யூட்டருக்கு ஒரே ஜாதி.

ஏற்றமும் சறுக்கலும்

1998 ஜூன் மாதம் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அமைப்பு, ஆர்2 டெக்னாலஜி கம்பெனியின் 'இமேஜ் செக்கர்' எந்திரத்துக்கு அனுமதி கொடுத்தது. வியாபாரத்துக்கு வந்த முதல் மம்மோகிராம் துணைக் கம்ப்யூட்டர் அதுதான். சுண்ணாம்பு இருந்தால் முக்கோணக் குறி, கட்டி என்று தோன்றினால் நட்சத்திரக் குறி. அந்நாட்டு மெடிகேர் காப்பீடு இதற்குத் தனிக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியதும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக எந்திரம் நுழைந்தது.

2007-ல் ஒரு குண்டு விழுந்தது. ஜோஷுவா ஃபென்டன் குழுவினர் 43 மையங்களில் எடுத்த 4,29,345 மம்மோகிராம்களை ஆராய்ந்து எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு, நோயில்லாதவரை 'நோயில்லை' என்று சரியாகச் சொல்லும் விகிதம் 90.2 சதவீதத்திலிருந்து 87.2 ஆக இறங்கியது. பயாப்ஸி 19.7 சதவீதம் கூடியது. ஆனால் புற்றுநோய் கண்டுபிடிப்பு சொல்லும்படி கூடவில்லை. 2015-ல் கான்ஸ்டன்ஸ் லேமன் குழுவினர் 3,23,973 பெண்களின் டிஜிட்டல் படங்களை வைத்துப் பார்த்தபோதும் பலன் ஒன்றும் தெரியவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் பாஸானது ஆஸ்பத்திரியில் ஏன் ஃபெயிலானது? சோதனையில் பாதிக்குப் பாதி நோயுள்ள படங்களை வைத்திருந்தார்கள். நிஜத்தில் ஆயிரத்துக்கு ஐந்து. ஒவ்வொரு நார்மல் படத்திலும் கம்ப்யூட்டர் ஓரிரண்டு குறி போட்டால், நாள் முழுக்க டாக்டர் தள்ளிவிட வேண்டிய குறிகள்தான் அதிகம். ஒன்று, எல்லாவற்றையும் அலட்சியம் செய்யப் பழகுவார். அல்லது பயந்துபோய் பெண்ணைத் திரும்ப வரச்சொல்வார். இரண்டுமே நடந்தது.

அடுத்த திருப்பம் ஆழ்ந்த நியூரல் நெட்வொர்க். எந்தப் புள்ளியை, எந்த வடிவத்தைப் பார் என்று நாம் சொல்லித்தராமல், லட்சக்கணக்கான படங்களிலிருந்து அதுவே கற்றுக்கொள்கிறது. ஸ்வீடனில் கிறிஸ்டினா லாங் தலைமையில் 80,033 பெண்களிடம் நடந்த சோதனையின் முதல் முடிவு 2023-ல் வந்தது. அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் பார்ப்பது வழக்கம். கம்ப்யூட்டர் 'ஆபத்து குறைவு' என்று பிரித்த படங்களை ஒரே டாக்டர் பார்த்தார். ஆயிரத்துக்கு 5.1 கண்டுபிடித்த இடத்தில் 6.1 கண்டுபிடித்தார்கள். பார்க்கும் வேலை 44.3 சதவீதம் குறைந்தது. நாற்பதாண்டுத் தவத்துக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம்.

நம்ம ஊர் அத்தியாயம்

நம் மாநிலத்தில் இஞ்சினியரிங், எம்.சி.ஏ. படித்தவர்களில் 'மம்மோகிராம் ப்ராஜெக்ட்' கேள்விப்படாதவர் குறைவு. இதற்கு வித்திட்டது இங்கிலாந்தில் 1994-ல் வெளியான 'மியாஸ்' என்ற படத் தொகுப்பு. அந்நாட்டு அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வந்த 161 பெண்களின் இடம், வலம் சேர்த்து 322 படங்கள், இலவசமாக. நமக்கு ஆஸ்பத்திரிப் படம் கிடைக்காது. இது ஒரு சிடியில் அடங்கிவிடும். போதாதா?

பழனி மலை அடிவாரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-ல் கிராமத்துக்காகத் தொடங்கிய நிறுவனம். அதன் கிராமியப் பல்கலைக்கழகத்திலிருந்து கே. தங்கவேல், எம். கர்ணன் முதலியோர் 2005-ல் சுண்ணாம்புப் புள்ளிகளைத் தானாகத் தேடும் முறைகள் அத்தனையையும் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எறும்புக் கூட்டம் வழி கண்டுபிடிக்கிற விதத்தைக் கணக்காக்கி, அந்த முறையாலும் புள்ளிகளைத் தேடினார்கள். அந்தக் காலத்தில் இத்துறையில் நுழைந்த நம் மாணவர்கள் பலருக்கு அந்தத் தொகுப்பு ஒரு வாசல். அவர்களும் சோதித்தது மியாஸ் படங்களில்தான்.

என் ப்ராஜெக்டும் அதே 322 படங்கள்தான். 98 சதவீதம் வந்தது. வைவாவில் கைதட்டல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெண்ணின் படத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைப் பரீட்சைக்கும் போட்டிருந்தேன். கேள்வித்தாளை முந்தின நாளே காட்டிவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி. தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலைக்குப் போய், வேறொரு புரோகிராமில் அதே பிழையை இன்னொருவர் சுட்டிக்காட்டிய அன்று ராத்திரி பழைய கோடை எடுத்துப் பார்த்தேன். பெண் வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். எண்பதைக்கூடத் தொடவில்லை. அதிலும் சுண்ணாம்புப் புள்ளி உள்ள படங்கள் மொத்தமே முப்பதுக்குள். அதை வைத்துக்கொண்டு வட்டக்கானல் அக்காவுக்கு நான் என்ன சொல்ல முடியும்?

அம்பிளிக்கை சொல்லும் பாடம்

அதே திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை என்று ஒரு ஊர். அங்குள்ள கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையமும், பிரான்ஸில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000-ல் ஒரு வேலை தொடங்கின. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை. பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது நம்ம வினிகரைத் தடவிக் கண்ணால் பார்ப்பார்கள். வெள்ளையாக மாறினால் சந்தேகம். முடிந்தவரை அன்றைக்கே சிகிச்சை. 2007-ல் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் அந்த நோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. மாவட்டத்தில் யாருக்கு என்ன புற்றுநோய் வந்தது என்று கணக்கெடுக்கும் பதிவேடும் 2003 முதல் அங்கே தொடங்கியது.

மார்பகத்துக்கும் இதே மாதிரி எளிய வழி உண்டா என்று மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி பார்த்தது. 1998-ல் தொடங்கி 1,51,538 பெண்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் கையால் பரிசோதித்தார்கள், எக்ஸ்ரே கிடையாது. 2021-ல் வந்த முடிவின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அப்படிப் பலன் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. யாராவது தேடிப் போய்ப் பரிசோதிக்க வேண்டும், அதைச் சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு சிகிச்சை வரை கூட நிற்க வேண்டும். இந்த மூன்றில் கம்ப்யூட்டர் நடுவில் ஒன்றுக்கு மட்டும் உதவுகிறது. ஸ்வீடனில் மற்ற இரண்டும் ஏற்கெனவே இருந்தன, அதனால் அங்கே ஜெயித்தது. நம் நாட்டில் 2022-ல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, 98,000 பேர் இறந்தார்கள் என்று உலகக் கணக்கு சொல்கிறது. அவர்களில் பலருக்குப் படத்தைத் தவறாகப் பார்த்தது பிரச்னை இல்லை. படமே எடுக்கவில்லை, அல்லது கட்டி பெரிதான பிறகுதான் எடுத்தார்கள்.

ஒரு வேண்டுகோள்

ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு: மம்மோகிராம் ப்ராஜெக்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரே பெண்ணின் படம் பயிற்சியிலும் பரீட்சையிலும் வராமல் பாருங்கள். மார்க் குறையும், பரவாயில்லை. ஒருநாளாவது ஒரு ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஆறு மாதம் கழித்து வரவேண்டிய பெண்ணுக்கு அவர் மொழியில் நினைவூட்டுவது, பஸ் நேரத்தைப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் போடுவது, இதற்கும் புரோகிராம் தேவை. எறும்புக் கணக்கு மாதிரி கவர்ச்சியாக இருக்காது, அவ்வளவுதான்.

நம் சங்கத்துக்கும் ஒன்று. ஆண்டுதோறும் சிறந்த ப்ராஜெக்ட்டுக்குப் பரிசு கொடுக்கிறோம். அந்த மார்க் ஷீட்டில் ஒரு கேள்வி சேர்க்கலாமே: 'இது யாருடைய படத்தில் சோதிக்கப்பட்டது?'

அந்த அக்காவின் ரிப்போர்ட்டை எங்கள் செட் டாக்டர் மாப்பிள்ளை ஒருவரிடம் போனில் படித்துக் காட்டினேன். பயப்படும்படி ஒன்றுமில்லை, சுண்ணாம்புப் புள்ளி சில இருக்கிறது, ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பது அவசியம், தள்ளிப்போட வேண்டாம் என்றார். அதை அப்படியே தமிழில் ஒரு தாளில் எழ்தி, தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். தேதி நெருங்கியபோது போன் பண்ணினேன்.

"போயிட்டு வந்துட்டேன் தம்பி. அதே அளவுதான் இருக்காம், பெருசாகலையாம். அடுத்த வருஷம் வரச் சொன்னாங்க. அந்தத் தாளைத்தான் காலண்டர் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தேன்."

98 சதவீதம் வாங்கிய ப்ராஜெக்ட்டை விட அந்தத் தாள்தான் உபயோகமாக இருந்திருக்கிறது. அடுத்த வருஷத் தேதியை என் போனிலும் குறித்து வைத்திருக்கிறேன்.